அண்ணன் பெயரில் இரண்டு நடை

நெதர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் ஒரு ஜோடி பூட்ஸ் திருடினேன். திருட்டு என்பது என் எதிர்வீட்டு மரெய்கேயின் பார்வை. என்னைக் கேட்டால், குப்பைத் தொட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் எங்கள் இரண்டு கதவுகளும் எதிரெதிரே. அவள் கதவுக்கு வெளியே ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். அன்று காலை மழை, குப்பை வண்டி வரும் நேரம். வெளியே வந்தேன், கால் தானாக அந்தப் பூட்ஸுக்குள் போய்விட்டது. இறங்கினேன், தொட்டியை வைத்தேன், ஏறி வந்தேன். பூட்ஸைக் கிடந்த இடத்திலேயே கழற்றிக்கொண்டிருக்கும்போது மரெய்கே கதவைத் திறந்தாள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். "கூடமோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பூட்ஸ் வெளியே இல்லை.

மூன்றாம் நாள் மணி அடித்தது. ஒரு பை நிறையப் பழைய காலணிகளோடு மரெய்கே நின்றாள். கூச்சப்படாதே, புது நாட்டில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் கஷ்டம்தான், தேவாலயத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது, அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னாள். என் வீட்டுக்குள் நான்கு ஜோடி இருந்தன. வாசலில் கிடக்கிற செருப்பு எங்கள் ஊரில் வாசலுக்குச் சொந்தம் என்று விளக்குகிற அளவுக்கு எனக்கு டச்சு வரவில்லை. "டாங்க் யூ வெல்" என்று நன்றி சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு ஜோடி எனக்குச் சரியாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஐந்தாறு ஜோடி கிடக்கும். கறிவேப்பிலை வாங்கப் போகிறவர், மாடியில் துணி காயப்போடப் போகிறவர், பால்காரரைக் கூப்பிடத் தெருமுனைக்கு ஓடுகிறவர், யாரும் தன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. முன்னால் எது கிடக்கிறதோ அதில் காலை நுழைத்துக்கொண்டு போவார்கள். ஆண் செருப்பு, பெண் செருப்பு, பெரியது, சிறியது என்ற பேச்சே கிடையாது. கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் புதுச் செருப்பு காணாமல் போனால்தான் சண்டை. இந்த நாட்டில் அப்படி இல்லை என்பதை மரெய்கே எனக்கு அன்றே ஒரு பை நிறையக் கொடுத்துப் புரியவைத்தாள். இருந்தும் பல வருஷம் கழித்து, சரியாக எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில், அது என் புத்திக்கு எட்டவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். நான் பிசியோதெரபிஸ்ட். இங்கே ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. நீண்ட நடைக்கூடம் ஒன்று. நோயாளியின் ஷூவில் பொத்தான் அளவு கருவி ஒன்றைப் பொருத்துவோம். அவர் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வரவேண்டும். பிறகு வீட்டுக்கும் அதோடு அனுப்பிவிடுவோம். ஒவ்வொரு அடியும் எங்கள் திரையில் கோடாக வந்து விழும். கீமோ எடுக்கிறவர்களுக்கு வருகிற அசதி நம் அசதி இல்லை. உறங்கி எழுந்தால் போகாது. உடம்பில் இருந்த பலத்தை யாரோ கீழே திறந்துவிட்டதுபோல் வடிந்துபோகும். அதை வாயால் கேட்டு வாங்குவது கஷ்டம். ஹெங்க் என்று ஒரு பழைய பஸ் டிரைவர் வருவார். களைப்பாக இருக்கிறதா என்று கேட்டால் "கொஞ்சம்" என்று கண்ணைச் சிமிட்டுவார். நடக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். எட்டு குறுகியிருக்கும், பாதம் தரையை விட்டு எழும்பத் தயங்கும், திரும்புகிற இடத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதுபோல் துண்டு துண்டாகத் திரும்புவார். வாய் மறைப்பதைக் கால் மறைக்காது. மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்து மருந்தைக் குறைப்பார், இடைவெளி விடுவார், ரத்தம் ஏற்றுவார்.

டச்சுக்காரர்களாவது பரவாயில்லை, அவர்கள் முகத்துக்கு நேரே பேசி வளர்ந்தவர்கள். நம்மவர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாடையில் படுத்திருப்பவரும் பரவாயில்லை என்பார். என் அண்ணன் சங்கரபாண்டி அந்த ஜாதியில் முதல் ஆள்.

அண்ணன் போலீஸில் ஏட்டு. வருஷங்களாகக் குற்றாலத்தில்தான் வேலை. சீசன் வந்துவிட்டால் மெயின் அருவிக்கு முன்னால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "அந்தாளு வெளிய வா, போதும் குளிச்சது, அடுத்த ஆளு உள்ள போ" என்று நாள் முழுக்கச் சாரலில் நனைந்து நிற்பார். ஐந்தருவியில் ஒரு தடவை, குடித்துவிட்டுப் பாறையில் ஏறிய ஒரு ஆளைப் பிடித்து இழுக்கப்போய் வழுக்கி விழுந்ததில் இடது கணுக்கால் போனது. அதற்குப் பிறகு அவருக்கு இடது கால் லேசாக இழுக்கும். பூட்ஸ் போட்டு நடந்தால் ஒரு அடி கேட்கும், ஒரு தேய்ப்பு கேட்கும். தெருமுனையில் அவர் வருவது வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவருமே நடையைப் பார்த்து ஆளைச் சொல்கிறவர்தான். கூட்டத்தில் எவன் பர்ஸுக்குக் கைவைக்க வந்தவன், எவன் போதையில் இருக்கிறான் என்று தூரத்திலிருந்தே சொல்வார். "என் பொழப்பத் திருடிக்கிட்டுப் போயி வெள்ளக்காரன்ட்ட வித்துட்டா" என்று என் வேலையைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் இங்கே ஹெங்கின் ஷூவுக்குக் கருவி மாட்டிக்கொண்டிருந்தேன். அறுவைச் சிகிச்சை திருநெல்வேலியில். ஓடிப்போய் உடனிருந்தேன், இருந்த விடுமுறை எல்லாம் அதில் தீர்ந்தது. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. நான் இங்கே, அவர் அங்கே. தினமும் போன் செய்வேன். "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றால், "நல்லாருக்கேன்ட்டி, நீ சாப்ட்டியா?" அதற்கு மேல் ஒரு சொல் வராது. மதினி உலகம்மாளிடம் கேட்டால், "இருக்காக. என்னத்தச் சொல்லுதாக, கேட்டா எரிஞ்சு விழுதாக" என்பார். யாரோ முன்பின் தெரியாத டச்சுக் கிழவருடைய அசதியை அடி அடியாக அளக்கிற எனக்கு, கூடப் பிறந்தவர் எழுந்து நடக்கிறாரா இல்லையா என்பது தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

என் மேலாளரிடம் சொன்னேன். ஆய்வுக்கு இனி வேண்டாத பழைய கருவி ஒரு ஜோடி இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணன் மருத்துவ விடுப்பில் இருந்ததால் ஷூ போடும் வேலை இல்லை. அவர் வெளியே போட்டுப் போகிற தோல் செருப்பில் வைக்கச் சொன்னேன். அண்ணன் மகள் பவித்ரா கல்லூரியில் படிக்கிறாள், விவரமானவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய், இரண்டு செருப்பிலும் அடித்தோலைப் பிரித்து, கருவியை உள்ளே வைத்து ஒட்டித் தைத்து வாங்கிவிட்டாள். அவள் போனில் செயலியை ஏற்றியாயிற்று, என் போனிலும் அதே செயலி. மறுநாள் காலை, நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கையில், தென்காசியிலிருந்து அண்ணனின் முதல் கோடு வந்து விழுந்தது. நான் அழுதேன்.

அடுத்த வாரங்களில் வந்த கோடுகள் இன்னும் நன்றாக இருந்தன. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இடையிடையே படியேற்றம். கீமோ முடிந்த மறுநாள்கூட நடை. இங்கே என் நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்காத நாள் அது. நாள் முடிவில் செயலி ஒரு சுருக்கம் தரும், அதில் பச்சை வண்ணம் வந்தால் அசதி குறைவு என்று பொருள். தினமும் பச்சை. போலீஸ் உடம்பு, சாரலில் நனைந்து ஊறிய உடம்பு என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். போனில் நான் சிரித்துப் பேச ஆரம்பித்தேன். ஹெங்கிடம்கூட என் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வாயடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பச்சைச் சுருக்கத்தைப் படமெடுத்துப் பவித்ராவுக்கு அனுப்பி, டாக்டரிடம் காட்டு என்றேன். அந்த டாக்டர் நல்ல மனிதர், வெளியே நூறு பேர் காத்திருந்தாலும் கேள்வி கேட்கிறவர். அசதி இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்ல சார்." கால் மரத்துப்போகிறதா? "லேசா சார்." பவித்ரா படத்தை நீட்டியிருக்கிறாள். வெளிநாட்டில் இதே துறையில் இருக்கிற தங்கை அனுப்பியது என்றதும் அவரும் நம்பி, மருந்தைக் குறைக்காமல் முழு அளவிலேயே தொடரச் சொல்லிவிட்டார்.

அடுத்த தடவை மருந்து ஏற்றி வீடு திரும்பிய சில நாளில் மதினி போன் செய்தார். பேச முடியாமல் மூச்சு வாங்கியது. அண்ணன் பின்கட்டுக் குளியலறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் சரிந்துவிட்டார், தெருமுனை ஆட்டோக்காரர் வந்து தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, வயிற்றுப்போக்கில் உடம்பில் சத்தே இல்லையாம், ரத்தத்தில் அணுக்கள் எல்லாம் இறங்கிக் கிடக்கிறதாம். "நேத்து வரைக்கும் நல்லா நடந்தாகளே மதினி" என்றேன். "எங்கனட்டி நடந்தாக? கட்டில்ல இருந்து பாத்ரூம், பாத்ரூம்ல இருந்து கட்டில். செவுத்தப் பிடிச்சுக்கிட்டு. அதுவும் ஒரு வாரமா என் தோளப் பிடிச்சுக்கிட்டு" என்றார்.

போனை வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தேன். அன்றைக்கும் பச்சை. முதல் தடவையாகச் சுருக்கத்தை விட்டுவிட்டு, அடியடியாக விழுந்திருக்கும் மூலக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் நோயாளிகள் எல்லோருக்கும் அதைச் செய்வேன். அண்ணனுக்குச் செய்யவில்லை. பச்சையைப் பார்த்ததும் அதற்கு மேல் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். அண்ணன் குளியலறைத் தரையில் கிடந்த அதே நேரத்தில், 'சங்கரபாண்டி' என்ற பெயரில் ஒருவர் தெருவில் ஓடியிருந்தார். குட்டை குட்டையான வேகமான அடிகள். செருப்பு காலுக்குப் பெரிதாக இருந்து, ஒவ்வொரு அடியிலும் பின்னால் தட்டியிருக்கிறது. இடது கால் இழுக்கவே இல்லை. ஓடி, ஓரிடத்தில் நின்று, மறுபடி அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்திருக்கிறார். என் மதினி ஆட்டோக்காரரைக் கூப்பிட ஓடிய ஓட்டம் அது. வாசலில் முன்னால் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. முந்தைய வாரங்களின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு செருப்புக்குள் எங்கள் வீடே இருந்தது. விடிந்ததும் பால் வாங்கப் போவது மதினி. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஏறுவது பவித்ரா. சாயங்காலம் பலமாக ஊன்றி நடந்து திரும்புகிறவர் யாரென்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்துபோகிற யாரோ. இடது கால் இழுக்கிற நடை ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் மட்டும், வண்டியில் ஏறும்வரை, இறங்கியபின் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாதா? ஒரு குழந்தை நடை பழகுவதுபோல, இரண்டு காலும் சேர்ந்து தரையில் ஊன்றியே நிற்கிற நடை. எட்டே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது நான், விழுந்தது அண்ணன். அந்த நினைப்பு என்னை இன்றுவரை விட்டபாடில்லை.

சம்பளமில்லாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு தாண்டி மலையிறங்கும்போது சாரல் அடித்தது. புளியரையில் கார்க் கண்ணாடியை இறக்கினேன், செங்கோட்டை வரை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்தேன். சீசன் தொடங்கிவிட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேனில் போகிற கூட்டம், ரோட்டோரம் ரம்புட்டான் குவியல். வீட்டு வாசலில் அந்தத் தோல் செருப்பு கிடந்தது. ஒன்று குப்புறக் கிடந்தது, யாரோ அவசரத்தில் உதறிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அண்ணன் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, காலில் கம்பளி உறையும் கையில் உறையும் போட்டுக் கட்டிலில் கிடந்தார். சாரல் காற்றுக்காக மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுக்கிற மனிதர். அந்த மருந்து எடுக்கிறவர்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும், குளிர்காற்று பட்டால் தொண்டை அடைக்கும். என் நோயாளிகளுக்கு நான் தினமும் சொல்கிற பாடம்தான். அருவிக்கு முன்னால் வாழ்ந்த ஆளுக்கு அது என்னவாக இருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

"செருப்ப ஏன் அண்ணே போடல?" என்று கேட்டேன். நலம் விசாரிக்க வந்தவள் கேட்கிற முதல் கேள்வியா அது?

அண்ணன் தன் பாதத்தைப் பார்த்தார். "கால்ல செருப்பு கெடக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குட்டி. மரத்துப்போச்சு. போட்டுக்கிட்டு நாலு எட்டு வைப்பேன், திரும்பிப் பாத்தா செருப்பு அங்கன கெடக்கும், நான் இங்கன நிப்பேன். பொறவு எதுக்கு அதப் போட?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ போன்ல சிரிச்சே. வியாதி தெரிஞ்ச நாள்ல இருந்து நீ சிரிக்கவே இல்ல. செருப்ப யாரோ போட்டு நடக்காக, அதப் பாத்துட்டு இவ சிரிக்கா, சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

மதினிக்கு அதைக் கேட்டதும் ஆத்திரம் வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டா இருந்தீக? எனக்குத் தெரியாது கோமதி, சத்தியமா. செருப்புக்குள்ள என்னமோ மிஷின் இருக்குன்னு தெரியும். அத அவுக மட்டுந்தான் போடணும்னு யாருக்குத் தெரியும்? வாசல்ல கெடந்துச்சு, போட்டுட்டுப் போனேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவரை நான் என்ன சொல்ல? 'அண்ணனைத் தவிர வேறு யாரும் போடக்கூடாது' என்று ஒரு வரி சொல்லியனுப்பியிருக்க வேண்டியவள் நான். அந்த வரி ஏன் எனக்குத் தோன்றவில்லை? நெதர்லாந்தில் அதைச் சொல்லத் தேவையே இல்லை. எங்கள் ஊரில் சொன்னால்தான் உண்டு. நான் பாதி இங்கே இருந்து யோசித்தேன், பாதி அங்கே இருந்து யோசித்தேன், இரண்டுக்கும் நடுவில் அந்த வரி விழுந்துவிட்டது.

டாக்டரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. காலை மரக்கச் செய்கிற மருந்தை நிறுத்திவைத்து, மற்றதைக் குறைத்தார். "இந்த அளவுன்னா தாங்குவார். குறைச்சதுனால வியாதி என்ன செய்யும்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போதும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

கொஞ்சம் தேறியதும் அண்ணன் குற்றாலம் போகவேண்டும் என்றார். குளிக்க இல்லை, பார்க்க. காரில் அழைத்துப்போய், மெயின் அருவி தெரிகிற இடத்தில் கண்ணாடியை ஏற்றிவைத்து நிறுத்தினோம். அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே அதன் சத்தம் பாதிதான் கேட்டது. அவர் இடத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்த இளைஞர் இவரைக் கண்டு ஓடிவந்து சல்யூட் வைத்தார். "கண்ணாடிய இறக்க முடியாதுடே, காத்து ஆகாது" என்று அண்ணன் உள்ளிருந்தே கையை ஆட்டினார். நான் போய் அல்வா வாங்கிக்கொண்டு திரும்பிவந்தேன். ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்: "உன் நடை மாறிட்டுட்டி."

"எப்படி மாறிட்டு?"

"முன்னால கூட்டத்துல இடிச்சுக்கிட்டு வருவே. இப்ப எல்லாருக்கும் வழி விட்டுட்டு வாரே. நல்லதுதான். ஆனா தளந்துபோயி வாரே. பாரம் சுமக்குதவ மாதிரி." அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார். "என் நடைய நீ பாக்கே. உன் நடைய அங்க யாரு பாக்கா?"

நேரமாற்றத்தில் உறக்கம் சரியில்லை அண்ணே என்று சமாளித்தேன். பரவாயில்லை என்று சொல்கிற ஜாதியில் நானும் ஒருத்திதானே.

திரும்புவதற்கு முன் கருவிக்கு ஒரு வழி பண்ணவேண்டியிருந்தது. நெதர்லாந்தில் என் நோயாளிகள் சிலருக்கு அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவோம். அண்ணன் கட்டுவது சாரம், அதாவது லுங்கி. அதற்கு ஏது பெல்ட்? பவித்ராதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்பா எதைக் கழற்றினாலும் அரைஞாண் கயிற்றைக் கழற்ற மாட்டார் என்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடப்பது, குளித்தாலும் படுத்தாலும் இறங்காதது, யாரும் எடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போக முடியாதது. செருப்புத் தைக்கிறவரிடம் போனோம். வலது செருப்பிலிருந்து கருவி ஒழுங்காக வந்தது. இடதில் பசை இறுகிப்போய், "இத எடுத்தா செருப்பு போயிரும்மா" என்றார். ஒன்று போதும், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சின்ன உறை தைத்து, கறுப்புக் கயிற்றில் நானே முடிந்துவிட்டேன்.

அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். "இனி ஏமாத்த முடியாது. இத அறுக்குத அன்னைக்கு உனக்கு அங்கன தெரிஞ்சிரும்" என்றார். செத்தவன் இடுப்பில் அரைஞாண் கயிற்றைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்கிற பேச்சு. "வாயக் கழுவுங்க" என்று மதினி அதட்டினார். அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன். என் கை மட்டும் முடிச்சை விட்டு எழ நேரமாயிற்று.

கிளம்பிய அன்று நல்ல மழை. கார் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி, காலில் பட்டதை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். செங்கோட்டை தாண்டியபிறகுதான் காலைப் பார்த்தேன். அண்ணனின் தோல் செருப்பு. திரும்ப நேரமில்லை. மதினிக்குப் போன் செய்தால், "உன் பூட்ஸ இங்கன விட்டுட்டுப் போயிட்டியே. அதப் போட்டுக்கிட்டுத்தான் பவித்ரா பேப்பர் எடுக்கப் போயிருக்கா" என்றார்.

இங்கே வந்து சேர்ந்ததும் மாடிப்படியில் மரெய்கே எதிர்ப்பட்டாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் நல்ல சிநேகிதிகளாகிவிட்டோம். என் காலில் பெரிய ஆண் செருப்பைக் கண்டதும் படியில் நின்றுவிட்டாள். யாருடையது என்றாள். என் அண்ணனுடையது என்றேன். அவள் முகம் வாடியது. பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கெகொண்டோலேர்ட்" என்றாள். துக்கத்துக்குச் சொல்கிற வார்த்தை அது. ஒருவர் காலணி இன்னொருவர் காலுக்கு வருவதென்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான் போலிருக்கிறது. "நே, நே, ஹை லேஃப்ட்" என்று கத்தினேன். இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார். படிக்கட்டில் என் குரல் எதிரொலித்ததைக் கேட்டு நானே பயந்துபோனேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன். இருவருக்கும் எதற்கென்று தெரியவில்லை.

அதற்குமேல் அந்தச் செருப்பைக் கதவுக்கு வெளியே விட மனம் வரவில்லை. உள்ளே கொண்டுவந்தேன். உள்ளே கிடந்ததும் கால் அதில் நுழைந்தது. வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பதை இத்தனை வருஷமும் இந்த நாட்டிடமிருந்து ஏற்றுக்கொள்ளாதவள், அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இடது செருப்புக்குள் இருந்த கருவியைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. அண்ணன் கோட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். மெதுவாக, இழுத்து இழுத்து, கட்டிலிலிருந்து கொஞ்ச தூரம், மறுபடி கட்டில். இப்போது தினமும் மஞ்சள், சில நாள் சிவப்பு. பச்சையே இல்லை. ஆனால் அவருடையது.

ஒரு வாரம் கழித்து, நான் வேலையிலிருந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனே போன் செய்தார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"ஏட்டி கோமதி, நேத்து ராத்திரி பூரா ஏன் அங்கனயும் இங்கனயுமா நடந்துக்கிட்டே இருந்தே?"

"நான் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"பவித்ரா போன்ல என் பேர்ல ரெண்டு கோடு ஓடுது. ஒண்ணு நான், கால் இழுக்கு. இன்னொண்ணு யாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன் மதினி இல்ல, அவ என் பக்கத்துல உக்காந்திருந்தா. பிள்ளை உறங்கிட்டா. அப்பத்தான் செருப்பு ஞாபகம் வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பத்து எட்டு வைக்கே, நிக்கே. திரும்பிப் பத்து எட்டு வைக்கே. நிக்கித எடத்துல ரொம்ப நேரம் நிக்கே. அங்கன ஜன்னலா இருக்கு?"

"ஆமாண்ணே. ஜன்னல்தான்."

"செருப்பு சொல்லுது, நீ உக்காருததே இல்லன்னு."

தேநீர் பொங்கி வழிந்தது. என் செயலியைத் திறந்தேன். இத்தனை நாளும் நான் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பார்த்த அந்தப் பக்கத்தில், அண்ணன் கோட்டுக்குக் கீழே, அதே பெயரில், என் நடை ஓடிக்கொண்டிருந்தது. எட்டு குறுகி, பாதம் தரையை விட்டு எழும்பத் தயங்கி. இப்படி ஒரு நடையோடு ஒரு நோயாளி என் நடைக்கூடத்துக்கு வந்திருந்தால் நான் உடனே அவளை உட்காரவைத்திருப்பேன். ஒரு பெயரில் ஒருவர் நடைதான் இருக்கவேண்டும், மற்றதை அழித்துவிடவேண்டும் என்பது எங்கள் விதி. நான் அழிக்கவில்லை.

"அண்ணே, பயமா இருக்கு" என்றேன். அவருக்கு வியாதி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

"எனக்கும்தாண்டி" என்றார். பிறகு, அருவிக்கரையில் கூட்டத்தைப் பார்த்து அதட்டுகிற அதே குரலை, இருக்கிற பலத்தில் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "போதும் நடந்தது. உக்காரு."

ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். திரையில் என் கோடு நின்றது. சற்று நேரத்தில் மற்றக் கோடு அசைந்தது. இடது கால் இழுபட, ஒவ்வொரு அடியாக, அண்ணன் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். வாசலை நோக்கியாக இருக்கலாம். வாசலில் அவர் செருப்பு இல்லை, என் பூட்ஸ் கிடக்கும்.